ஒன்பதாம் கட்டிலின் குறிப்பு

காலை 8.50.

கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் அந்த அரசாங்க ஆஸ்பத்திரியில், ஒரு மேசை லாச்சி வெறுமையாக இருந்தது.

அதற்குள் இருந்திருக்க வேண்டியது தடித்த பச்சைக் கொப்பி ஒன்று. பொது வைத்திய வாட்டு என்று பரீட்சார்த்தமாகத் தொடங்கிய வாட்டின் ஆறு மாதக் கதையும் அதிலே கையெழுத்தில் இருந்தது. யார் வந்தார்கள், என்ன வருத்தம், எத்தனை நாளில் வீட்டுக்குப் போனார்கள். பிரதி கிடையாது. கம்ப்யூட்டர் வந்துகொண்டிருப்பதாக அறிவித்தல் பலகை மூன்று வருடமாகச் சொல்லிவந்தது.

பதினொரு மணிக்கு அமைச்சின் குழு வருகிறது. ஒரு உறுப்புக்கு மட்டும் நிபுணராகாமல் முழு ஆளையும் பார்க்கும் டொக்டர்களுக்கும் நிபுணருக்குச் சமமான பதவி உயர்வுப் பாதை கொடுக்கலாமா என்று தீர்மானிக்க. கொப்பி இருந்தால் அந்தப் பாதையில் முதல் ஆள், இந்த வாட்டை நடத்தும் டொக்டர் ருஷ்தா. இல்லாவிட்டால் வாட்டு மூடப்படும். பதினொரு வருடம் இருந்த வெளிநோயாளர் மேசைக்கே அவர் திரும்பிப் போகலாம்.

"பொலிஸுக்குச் சொல்லுவமா?" என்றார் பணிப்பாளர் டொக்டர் பற்றிக். "இல்லாட்டி ஒரு உபகுழு..."

"உபகுழு போட்டா கொப்பிக்குப் பென்சன் வயசு வந்துரும் சேர்," என்றார் ருஷ்தா. "நான் பாக்கிறேன்."

வாட்டு சிஸ்டர் மயூரி 8.20க்குக் கொப்பியை லாச்சியில் பார்த்திருந்தார். அதன்பின் வெளியிலிருந்து வாட்டுக்குள் நுழைந்தவர்கள் மூவர்தான் என்றார் வாசல் காவலாளி. ஒருவர் பணிப்பாளர். குழுவின் கதிரைகள் எவ்வளவு இடைவெளியில் இருக்க வேண்டும் என்று அளவு நாடாவோடு வந்தவர். நாடாவின் மறுமுனையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு நின்றது மயூரி.

9.10. இரண்டாமவர், சிறுநீரக நிபுணர் நிஸாம்.

"எட்டரைக்கு எங்க இருந்தீங்க சேர்?"

"ஆறாம் கட்டில். கிட்னி ரெண்டும் சரின்னு சொல்லிட்டு வந்தேன்."

"குறிப்பு எழுதினது?"

"நான் ஏன் எழுதணும்? ஹவுஸ் ஒபீசர் எழுதினார். நான் சைன் மட்டும்தானே."

ஹவுஸ் ஒபீசரான இளம் டொக்டரும் தலையாட்டினார். 8.20இலிருந்து 8.50 வரை அவர் நிஸாமின் பக்கத்தை விட்டு அசையவில்லை.

9.25. மூன்றாமவர், இதய நிபுணர் சிவபாதசுந்தரம். அன்று மாலை வெள்ளவத்தை மண்டபமொன்றில் அவர் பேச இருந்தார். தலைப்பு: 'நோயாளியை முழுமையாக நோக்கல்'. உரைத்தாள்கள் தடித்த தோல் பையில், பை மடியில்.

"என்னையே விசாரிக்கிறீர், பிள்ளை?"

"எல்லாரிட்டயும் கேக்கிறேன் சேர்."

"ஒன்பதாம் கட்டில். எட்டரையில இருந்து இருவது நிமிசம் ஆறுதலாச் சோதிச்சனான். டிக்கட்டைப் பாரும். நேரம் போட்டு என்ர கையாலயே எழுதியிருக்கிறன்."

9.35. ஒன்பதாம் கட்டிலில் ஸ்ரனிஸ்லாஸ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், இடுப்புவரை போர்வையோடு உட்கார்ந்து பணிஸ் தின்றுகொண்டிருந்தார். மூச்சு முட்டி வந்து ஐந்து நாள். கட்டிலுக்குக் கீழே ஒற்றைச் செருப்பு.

"காலையில ஹார்ட் டொக்டர் வந்தாரா அங்கிள்?"

"யாருக்குத் தெரியும் மிஸ். விடியக்காலையிலதான் கண்ணு மூடிச்சு. எழும்புறப்ப ஒம்பது மணி. அவரு வந்தாலும் நெஞ்சில குழாய வச்சிட்டுப் போயிருவாரு. அஞ்சு நாளா ஒரு குட் மோர்னிங் இல்ல."

ருஷ்தா கட்டில் தலைமாட்டில் தொங்கிய குறிப்புத்தாளான டிக்கட்டை எடுத்தார். முத்து முத்தான கையெழுத்து: '8.30. நெஞ்சு தெளிவு. வயிறு சாதாரணம். இரு பாதங்களிலும் நாடித்துடிப்பு நன்று, வீக்கமில்லை.'

ருஷ்தா குனிந்து, செருப்பைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

10.05. பணிப்பாளரின் அறை. எல்லோரும் இருந்தார்கள்.

"கொப்பியை எடுத்தவர நான் தேடவேயில்ல சேர்," என்றார் ருஷ்தா. "அவரே எழுதி வச்சிருக்கார். பதினொரு வருசத்தில எந்த நிபுணரும் தன் கையால குறிப்பு எழுதி நான் பாத்ததில்ல. இண்டைக்கு ஒருத்தர் எழுதியிருக்கார், நேரமும் போட்டு."

"எழுதினது குற்றமோ?" சிவபாதசுந்தரம் பையை இறுக்கிக்கொண்டார்.

"இல்ல சேர். ஸ்ரனிஸ்லாஸ் அங்கிளுக்கு வலது கால் முழங்காலோட முடியுது. சீனி வருத்தத்தில நாலு வருசத்துக்கு முந்தி வெட்டினது. நீங்க ரெண்டு பாதத்திலயும் துடிப்புப் பாத்திருக்கீங்க."



"மத்தப் பாதம் யார்ட?" என்று நிஸாம் மெல்லக் கேட்டார்.

"அது... வழக்கமா எழுதிறது."

"அதேதான்," என்றார் ருஷ்தா. "கட்டில் பக்கம் போகாம வழக்கமா எழுதிறத எழுதியிருக்கீங்க. மத்த ரெண்டு பேரும் சொன்ன இடத்தில இருந்ததுக்கு ஆள் சாட்சி இருக்கு. உங்களுக்கு இருந்தது இந்தத் தாள் மட்டும். பையைத் திறக்கிறீங்களா சேர்?"

பை திறந்தது. முழுமையாக நோக்கும் உரையின் நான்காம் பக்கத்துக்கும் ஐந்தாம் பக்கத்துக்கும் நடுவில் பச்சைக் கொப்பி.

"இவையளும் எங்கட கதிரையில இருந்தா," என்றார் அவர், குரல் தேய்ந்து, "எங்களிட்ட அபிப்பிராயம் கேக்க ஆர் வருவினம்?"

அவருடைய விடயத்துக்குத்தான் பணிப்பாளர் கடைசியில் உபகுழு போட்டார்.

11.00. குழு கொப்பியைப் புரட்டியது. நான்கு கிளினிக் ஏறி இறங்கியவர்கள் ஒரே டொக்டரிடம் வந்து, ஒன்பது நாளுக்குப் பதில் நான்கு நாளில் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கேள்விகள் ஒரு மணி நேரம் நீண்டன. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

12.20. தீர்மானம் வந்தது. வாட்டு நிரந்தரம். பதவிப் பாதை அங்கீகாரம், நிபுணர் தரம்வரை. முதல் நியமனம்: டொக்டர் ருஷ்தா. மயூரி சிஸ்டர் கைதட்டியதைக் கேட்டு வாட்டே தட்டியது, எதற்கென்று தெரியாதவர்களும் சேர்த்து.

12.40. ருஷ்தா கிளினிக் கதிரையில் உட்கார்ந்ததும் கதவு மெல்லத் திறந்தது. குழுவின் தலைவர், நாடறிந்த மூளை நிபுணர், பின்னால் யாருமில்லை என்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"டொக்டர், எனக்கு இடுப்பு நாரி நோகுது, தலை சுத்துது, கையெல்லாம் அரிச்சுக் கடிக்குது. ஆறு பேரிட்டக் காட்டியாச்சு. ஆளாளுக்குத் தங்கட பக்கம் சரியாம்."

ருஷ்தா நிமிர்ந்து பார்த்தார்.

"நம்பர் எடுத்தீங்களா சேர்?"

தலைவர் வெளியே போய், நாற்பத்திரண்டாம் நம்பரை வாங்கிக்கொண்டு, ஒரு மீன்காரருக்கும் ஒரு கர்ப்பிணிக்கும் நடுவில் மர வாங்கில் இடம் பிடித்து உட்கார்ந்தார்.