சோரலின் பணிவரலாறு

மூன்றாவது முறை அடித்த தாளிலும் அந்த ஒரே வரி நனைந்திருந்தது.

லெஸ்லி டர்னெல் தாளை உருவி விளக்கருகே பிடித்தான். கூரையில் சொட்டு இல்லை. திங்கட்கிழமை சோரல் நீர்மூழ்கி கோஸ்போர்ட்டிலிருந்து மால்டாவுக்குப் புறப்படுகிறது. அதற்குள் புது கேப்டனுக்கு அதன் பதினோரு வருட வரலாறு வேண்டும். 1944, பாரோ கப்பல்கட்டும் தளத்தில் வெள்ளோட்டம். திருகோணமலை. 1951, பழுதுபார்ப்பு. எல்லாம் காய்ந்திருந்தன. பணியாளர் பட்டியலில் அவன் பெயர் மட்டும் ஈரம். டீசல் வாடை.

"என்னடா, காதல் கடிதமா அடிக்கிற? இவ்வளவு நேரம்!" மூத்த மாலுமி ஹாலம் தேநீர்க் கோப்பையோடு வந்தார். கப்பலில் அவர்கள் இருவர்தான். மற்றவர்கள் கால்பந்து பார்க்கப் போயிருந்தார்கள்.

"கரைவேலை கேட்டு மனு குடுத்திருக்கேன் சீஃப். மக பெரிலுக்கு நாலு வயசு. அவ பாட்டியால சமாளிக்க முடியல."

"எங்க உக்காந்து எழுதின?"

"இந்த மேசையிலதான்."

ஹாலமின் சிரிப்பு நின்றது. "காலேஜ் படிச்சவன்னு பேரு. கப்பல விட்டுப்போற பேச்ச இவளுக்குள்ளயே வச்சு எடுப்பாங்களா? கரைக்குப் போயி, மதுக்கடையில உக்காந்துதானே நாங்கல்லாம் எழுதுவோம்!"

"இரும்புக்குக் காதா சீஃப்?"

"மார்ச்சுல ஒரு மனு எழுதினியே, உன் பொண்டாட்டி ஐரிஸ் உயிரோட இருந்தப்ப. அதுக்கப்புறம் என்ன ஆச்சு?"

லெஸ்லியின் கண் மேசை மேலிருந்த பழைய பதிவேட்டுக்குப் போனது.

"கரையில கேப்டன் மேசையிலேர்ந்து உன் மனுவ எடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் வாயத் திறக்காத." ஹாலம் ஏணியில் ஏறினார்.

அவன் பழைய பதிவேட்டைப் புரட்டினான். 1946, பாஸ்கோ: கரைவேலைக்கு மனு. நான்கு நாள் கழித்து துக்க விடுப்பு, மனைவி நீரில் மூழ்கி மரணம். 1949, ரிட்லி. அதே இரண்டு வரிகள். பிறகு அவனுடையது. ஐரிஸ் குளியல் தொட்டியில் கிடந்தாள். கூந்தலில் டீசல் மணத்தது. தன் கைகளிலிருந்து ஒட்டியிருக்கும் என்று அன்று நினைத்தான். 'சோரல்தான் மூத்தவ, நான் எளையவ' என்று ஒவ்வொரு விடுப்பிலும் கேலி செய்வாள். கேலிதான் என்று அவனும் சிரித்திருக்கிறான்.

எஞ்சின்கள் அணைந்து இரண்டு நாளாகியும் தட்டச்சு இயந்திரத்தின் அடியில் மேசை மெல்ல அதிர்ந்தது, தூங்கும் ஒருத்தியின் மூச்சுபோல ஏறி, தாழ்ந்து, மறுபடி ஏறி, அவன் மூச்சைப் பிடித்தால் அதுவும் பிடித்து நின்றது. சுவரில் கை வைத்தான். வெதுவெதுப்பு.

"போகல," என்றான். "நான் எங்கயும் போகல."

அதிர்வு நின்றது.

மேலே வாசலின் இரும்பு மூடி தானாகச் சாத்திக்கொண்டது. ஏணியில் ஏறித் தள்ளினான். அசையவில்லை. "சீஃப்!" கீழே, கட்டுப்பாட்டறையில், பெரிஸ்கோப் தானாக உயரும் சீறல்.

இறங்கினான். கண்ணை வைத்தான்.

நல்ல பகல் வெளிச்சம். படகுத்துறை. பனிமூட்டமில்லை. அதையொட்டி, பாட்டி வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. தண்ணீருக்குள் இறங்கும் துறைப் படிக்கட்டில் பெரில். சிவப்புக் கோட்டு. தனியாக.

ஒரு கை மட்டும் மேலே உயர்ந்திருந்தது. யாரோ பிடித்து நடத்துவதுபோல. அந்தக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவன் இரும்பை அறைந்தான். கத்தினான்.

பெரில் பக்கத்தில் யாரையோ நிமிர்ந்து பார்த்தாள். எதற்கோ சிரித்தாள். அடுத்த படியில் கால் வைத்தாள்.