விசிலுக்கு மட்டும்

புதிய பேருந்து நிலையத்துக்குள் அவர்களுடைய வண்டி முதன்முறையாக நுழைந்தபோது வெளியே நல்ல வெயில். உள்ளேயோ விளக்குப் போட்டிருந்தார்கள். பழைய திறந்த மைதானத்தின் மேல் கடைகளையும் கார் நிறுத்தத்தையும் மாடி மாடியாக அடுக்கிவிட்டுப் பேருந்துகளை அடியில் தள்ளியிருந்தார்கள். வளர்ச்சியெல்லாம் மேலே, கீழே டீசல் புகையும் காயாத சிமென்ட் வாடையும்தான்.

நடத்துநர், ஓட்டுநருடைய மனைவியின் ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது கணவனிடம் அவள் சொல்வது ஒன்றுதான்: "அவனப் பத்திரமா கூட்டிட்டு வாங்க."

நேரக்காப்பாளர் ஓட்டுநரின் ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கடைசி பிளாட்பாரத்துல ரிவர்ஸ் எடுக்கும்போது விசிலுக்கு மட்டும்தான் நிக்கணும். வாயால யார் என்ன சொன்னாலும் காதுல வாங்காதீங்க."

"ஏன் சார்?"

"கட்டட வேலை நடந்தப்போ, வண்டிக்குப் பின்னால நின்னு வழி சொன்ன கிழவன் ஒருத்தன் அங்க இருக்குற தூண்ல நசுங்கிட்டான். திறப்பு விழா தள்ளிப்போகக் கூடாதுன்னு தண்ணி ஊத்திக் கழுவிட்டாங்க. இப்போ ஆளுக்கு ஏத்த மாதிரி முறை வச்சுக் கூப்பிடுறான். தெரிஞ்ச குரல்லயே."

மச்சான் சிரித்தான். "செத்தும் மரியாதை தெரிஞ்ச ஆளு."

ஆனால் அன்றே அந்தக் குரல் கேட்டது. வண்டி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

"வாங்க மாமா, வாங்க."

அச்சு அசல் மச்சான் குரல். கண்ணாடியில் பார்த்தால் அவன் வாயில் விசில் இருந்தது.

நாளடைவில் பழகிவிட்டது. "வாங்க" என்றாலும் "போதும்" என்றாலும் ஓட்டுநர் மதிப்பதில்லை. அந்தக் குரலுக்குப் பெப்பே காட்டுவதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

ஒரு மத்தியானம் ரிவர்ஸ் எடுக்கையில், வரச்சொல்லி ஊதிக்கொண்டிருந்த விசில் பாதியில் நின்றது.

கண்ணாடியில் ஆள் இல்லை. புகை மட்டும் இருந்தது.

"போதும் மாமா."

அவர் கால் பிரேக்கைத் தேடியது. பிறகு நினைவு வந்தது.

"மாமா, நிறுத்துங்க மாமா."

"என்கிட்டயேவா?" என்று முணுமுணுத்து, இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

வண்டி மெத்தென்று எதிலோ பட்டது. அதற்குப் பிறகுதான் தூணில் இடித்தது.

விசில் கயிறு அறுந்து டயருக்கடியில் கிடந்தது. அதிகாரிகள் வந்து தூணுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். அதோடு அவர்களுடைய துக்கம் தீர்ந்தது. ஓட்டுநர் மனைவியின் காலடியில் உட்கார்ந்து அழுதார்.

"ஒரு சத்தம்கூடக் கேக்கலம்மா. கூப்பிட்டிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா?"

அவள் நம்பினாள். அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். அதுதான் அவரை உயிரோடு வைத்திருந்தது.

கொஞ்ச நாள் கழித்து அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் கூட்டிப்போனார்.

அவள் தூணில் உள்ளங்கையை வைத்தாள். வண்டிகள் எதுவும் உறுமாத ஒரு நிமிஷம் வாய்த்தது. மறுபக்கத்திலிருந்து, மிகப் பக்கத்தில், இளம் குரல் ஒன்று கிசுகிசுத்தது.

"கூப்பிட்டேன்க்கா."

அவள் தூணோடு காதை ஒட்டினாள்.

"மாமாவுக்குக் கேட்டுச்சுக்கா."

"நம்பாத," என்று ஓட்டுநர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "அது அவன் இல்ல. அது இப்படித்தான் பேசும். அன்னிக்கும் இப்படித்தான்..."

சொல்லி முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். "அன்னிக்கு என்ன சொல்லிச்சு?"

அவள் தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

தூணுக்குப் பின்னால், அவள் தம்பியுடையது அல்லாத ஒரு கிழட்டுக் குரல் சிரித்தது.