இடப்பக்க ஸ்பீக்கர்

எண்பத்தாறாம் ஆண்டு மாரிகாலம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் மழை ஓய்ந்த நேரம் பார்த்து, மவுண்ட் ஆல்பர்ட் புறநகரில் இருந்த தியாகலிங்கத்தின் மரவீட்டுக்கு ஏரம்பமூர்த்தி வந்து சேர்ந்தான். தன்னுடைய பழைய காரில் பின்பக்கத்து இடது ஸ்பீக்கர் செத்துப்போய்விட்டது, வந்து பார் என்று தியாகலிங்கம் கிழமைக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அதே நகரத்துப் பென்ரோஸில் ரேடியோ திருத்துகிற மூர்த்திக்கு அது சுண்டைக்காய் வேலை. ஆனாலும் அவன் ஏதேதோ சாட்டுச் சொல்லிக் கடத்தினான். நண்பனின் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கம்.

போன வருசம் மூர்த்தி ஊருக்குப் போனபோது, தியாகலிங்கத்தின் தாய் அன்னபாக்கியம் மகனுக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் ஒரு கசெட்டில் பேசிப் பதிந்து அவனிடம் கொடுத்துவிட்டாள். அந்த நாளில் பல தாய்மார் அப்படித்தான் கடல் கடந்த பிள்ளைகளோடு கதைத்தார்கள். பெயர் எழுதாத கசெட். கொழும்பில் வாங்கிய வெறும் கசெட்டுகளோடு அதையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான் இந்தக் கெட்டிக்காரன். வந்த கிழமையே, இரவல் வாங்கிய ஒரு பாட்டுக் கசெட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய அவசரம். கைக்கு அகப்பட்ட ஒன்றில் பாட்டை ஏற்றினான். அன்னபாக்கியத்தின் குரல் அதோடு அழிந்துபோனது.

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். அவனோ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். அம்மா ஒன்றும் தந்துவிடவில்லை என்று தியாகலிங்கத்திடம் சொல்லிவிட்டான். சில மாதங்களில் அன்னபாக்கியம் கண்ணை மூடினாள். துக்கம் விசாரிக்கப் போன மூர்த்தியிடம் தியாகலிங்கம் ஒன்றைத்தான் சொன்னான்.

"ஒரு கசெட் தந்துவிட எண்டாலும் அவவுக்கு மனம் வரேல்லையே, மச்சான்."

மூர்த்தி தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தான். அதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசும்.

தியாகலிங்கம் கார்க் கதவைத் திறந்துவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனான். காருக்குள் நனைந்த கம்பளத்தின் புழுங்கல் மணம். செருகியிருந்த பாட்டுக் கசெட்டை ஓடவிட்டான் மூர்த்தி. வலப்பக்கம் பாடியது. இடப்பக்கம் மௌனம். இடது ஸ்பீக்கரைக் கழற்றி ஆசனத்தில் வைத்து, அதன் வயர்களில் டோர்ச் பற்றரி ஒன்றைத் தொட்டுப் பார்த்தான். 'டக்' என்றது. ஸ்பீக்கரில் பழுதில்லை. அதைத் திரும்பவும் இணைத்துவிட்டு, ரேடியோவின் பின்னால் வலது, இடது வயர்களை மாற்றிக் கொளுவினான். இப்போது இடது ஸ்பீக்கர் பாடவேண்டும்.

அது பாடவில்லை.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

வெற்றிலையும் புகையிலையும் கலந்த வாசம் காருக்குள் பரவியது. மூர்த்தி கசெட்டை வெளியே எடுத்தான். செருமல் நிற்கவில்லை. ரேடியோவை அணைத்தான். நிற்கவில்லை. ஸ்பீக்கரின் வயர்களைப் பிடுங்கி எறிந்தான்.

"தியாகு, அம்மா கதைக்கிறன் மோனை."

மூர்த்தி இரண்டு கைகளாலும் ஸ்பீக்கரைப் பொத்தினான். உள்ளங்கையில் சூடான மூச்சுப் பட்டது.

"இதைக் கொண்டுவாறது எங்கட மூர்த்தி. தங்கமான பிள்ளை. பத்திரமாக் கொண்டந்து உன்ரை கையிலை தருவான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். சாபம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். செத்தவள் தன்னை இன்னும் நம்புகிறாள் என்பதுதான் அவனைக் கூனிக் குறுக வைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

கார்க் கதவடியில் தேத்தண்ணிக் கோப்பைகளோடு தியாகலிங்கம் நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ, தெரியாது. அவனும் அந்தக் குரலைக் கேட்டிருந்தான். இனி மறைக்க ஒன்றுமில்லை.

"கசெட் தந்தவ, மச்சான்," என்றான் மூர்த்தி, நிலத்தைப் பார்த்தபடி. "நான்தான் அதுக்கு மேலை பாட்டு அடிச்சு அழிச்சுப்போட்டன். உனக்குப் பொய் சொன்னனான்."

தியாகலிங்கம் கோபிக்கவில்லை. கோப்பைகளை நனைந்த புல்லில் வைத்துவிட்டுப் பின் ஆசனத்தில் ஏறி, ஸ்பீக்கரை மடியில் எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டான். மூர்த்திக்கு இப்போது ஒன்றும் கேட்கவில்லை. தூரத்துத் தண்டவாளத்தில் ரயில் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஓம் அம்மா," என்று முணுமுணுத்தான் தியாகலிங்கம். "ஓம்... ஓம்... இஞ்சைதான் நிக்கிறான்."

மூர்த்தி கதவோரமாக நகர்ந்தான்.

தியாகலிங்கம் நிமிர்ந்தான். கண்கள் நிறைந்திருந்தன.

"அம்மா உன்னைத்தான் கேக்கிறா, மூர்த்தி. சாப்பிட்டனியோ எண்டு."

மூர்த்தி ஸ்பீக்கரைப் பார்த்தான். வயர் இல்லாத அந்த ஸ்பீக்கரின் கறுத்த கடதாசிக் கூம்பு, மூச்சு விடுவதுபோல, மெல்ல உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது.