பொய் சொன்ன சொட்டு

அலறல் கேட்கவில்லை!

விஷால் காதைத் தீட்டிக்கொண்டு வாசலில் நின்றான். கையில் டீ கிளாஸ். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

செவிலிமேட்டில் ஆசாத்தின் பட்டுச் சாயப்பட்டறை. உள்ளே, அரக்குச் சாயக்கழிவு நிறைந்த சிமென்ட் தொட்டி. அதற்குள் ஒரு கார்பன் கம்பி. கம்பி வழியே தண்ணீருக்குள் மின்சாரம் விட்டால் சாயம் சிதையும், தண்ணீர் தெளியும். ஆசாத்தின் அக்கா மகள் சானியாவின் ஆராய்ச்சி அது.

மின்சாரத்தைக் குறைத்துத் தரும் மெஷினிலிருந்து கம்பிக்கு வரவேண்டியது பன்னிரண்டு வோல்ட். விஷால் காலையில் யாரும் வருவதற்கு முன்பே மெஷினைக் கழற்றிவிட்டு, சுவர் பிளக்கிலிருந்து நேராகக் கம்பியைக் கவ்வும் கிளிப்புக்கு வயர் இழுத்திருந்தான்.

சானியா சாயக்காரர் வீட்டுப் பெண். தண்ணீர் தெளிந்ததா என்று கண்ணை நம்பமாட்டாள். கையில் ஒட்டுகிற சிவப்பைத்தான் நம்புவாள். தொட்டியில் கைவிடாமல் இருக்கவே மாட்டாள்.

விட்டால்... கதை முடிந்தது.

இன்னுமா விடவில்லை?

வயிறு எரிந்தது அவனுக்கு. சானியாவின் ஆய்வகத்திலேயே, அவளுக்கு முன்பிருந்தே, வருஷக்கணக்காக ஃப்ளூரின் உலைக்கு முன்னால் முகமூடி போட்டுக்கொண்டு நின்றவன் அவன். ஃப்ளூரினில் வெந்த கார்பன் தண்ணீரைக் கண்டாலே உதறியது. மேலே ஒரு தோல் படிந்து மின்சாரத்தையும் அடைத்தது. கம்பி கம்பியாகக் குப்பையில் போட்டான்.

அப்புறம் வந்தாள் சானியா. சூட்டைக் குறைத்தாள். ஃப்ளூரினோடு கொஞ்சம் ஆக்சிஜன் கலந்தாள். அவ்வளவுதான்! அதே கார்பன் தண்ணீரை இழுத்து ஒட்டிக்கொண்டது. மின்சாரமும் தாராளமாகப் போனது.

கட்டுரையில் முதல் பெயர் அவளுக்கு. ஜப்பான் டிக்கெட் அவளுக்கு. கைடு வாயைத் திறந்தால் சானியா புராணம்.

'கொஞ்சம் ஆக்சிஜன்... அது எனக்கு ஏன் தோணலை?'

தூக்கத்தில்கூடப் பல்லைக் கடித்தான் விஷால்.

"விஷால்..."

திடுக்கிட்டுத் திரும்பினான்.

சானியா! முழங்கை வரை சிவப்பு. உயிரோடு!

டீ கிளாஸ் கைநழுவி உடைந்தது.

"என்னப்பா, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிற?"

"ஒ... ஒண்ணுமில்ல. கைவிட்டுப் பார்த்தியா?"

"பார்த்தேன். சாயம் அப்படியே இருக்குது. தண்ணிக்குள்ள கரண்டே போகலை. வந்து பாரு."

உள்ளே ஆசாத் பட்டு நூலைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"நேத்து வாளியில ரெண்டு கம்பி வெச்சேன்," என்றாள் சானியா. "ஒண்ணு நல்லது. இன்னொண்ணு நீ ஃபெயில்னு தூக்கிப் போட்டது. கம்பேர் பண்ணலாம்னு எடுத்தாந்தேன். நீ எதை மாட்டின?"

"நல்லதைத்தான். சொட்டு வெச்சுப் பார்த்தேன்ல? பரவிச்சு."

அது ஆய்வகப் பழக்கம். கம்பியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர். பரவினால் நல்ல கம்பி. முத்தாக உருண்டால் மின்சாரம் போகாத கம்பி.

"எந்தத் தண்ணி?"

"தோ... அந்த மக்குல இருந்தது."

ஆசாத் சிரித்தார். "அட தம்பி, அது பட்டு நூல்ல பசை எடுக்கிற சோப்புத் தண்ணிபா. இங்க மக்கு, வாளி எல்லாத்துலயும் அதான் இருக்கும்."

"சோப்புத் தண்ணி ஃபெயிலான கம்பி மேலயும் பரவும், விஷால்," என்றாள் சானியா. "அதைத்தான் மாட்டியிருக்கிற. கரண்ட் கிளிப்போட நின்னுபோச்சு."

அவன் குப்பையில் போட்ட கம்பியே அவளைக் காப்பாற்றியிருக்கிறது! அதிலும் அவள்தான் ஜெயித்தாள்.

கிளிப்போடு நின்றுவிட்டது என்றால்... கிளிப்பில் இன்னும் இருக்கிறது!

"சரி, நானே கழட்டி மாத்துறேன்." ஈரக்கையை நீட்டியவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "கிளிப்பைத் தொடட்டா?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது.

ஜப்பான்... முதல் பெயர்... கொஞ்சம் ஆக்சிஜன்...

"தொடு," என்றான்.

சானியா கிளிப்பைப் பிடித்தாள்.

ஒன்றும் ஆகவில்லை!

"மெயினை அப்பவே ஆஃப் பண்ணிட்டேன்." அவள் குரல் உடைந்தது. "கரண்ட் ஏன் போகலைன்னு கிளிப்புல டெஸ்டர் வெச்சேன். பளிச்சுனு எரிஞ்சுது. வயரைப் பார்த்துக்கினே போனா சுவத்து பிளக்குல நிக்குது. மாமு உடனே போலீசுக்கு போன் போட்டாரு. நீ தெரியாம மாட்டியிருப்பேன்னு மாமுகிட்ட சண்டையே போட்டேன். தொடாதன்னு நீ சொல்லுவேன்னு நம்புனேன்பா உன்னை."

விஷால் பின்னால் நகர்ந்தான். யார் மேலேயோ இடித்தான்.

பின்வாசல் வழியாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் புவனேஸ்வரி, காயப்போட்டிருந்த பட்டு நூல் கொத்துகளை விலக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

"கேட்டுக்கினுதான் இருந்தேன். கையை நீட்டு."

"மேடம்... நான்... வயர் வந்து..."

"கட்டுரையில முதல் பேரு கிடைக்கலைன்னு பொருமிக்கினு இருந்தியாமே?"

விலங்கு 'க்ளிக்' என்றது.

"கவலைப்படாத தம்பி. எஃப்.ஐ.ஆர்.ல உன் பேரு மட்டும்தான். பங்குக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க!"