நாற்பத்தோராவது கோது

மரத்தட்டில் நாற்பது குழிகள். நாற்பதும் நிறைந்துவிட்டன. சிறீதரனின் கையில் இன்னும் ஒரு பித்தளைத் தோட்டாக் கோது மிஞ்சியிருந்தது.

அன்று காலை துப்பாக்கிச் சங்கத்துச் சுடுதளத்தில் அவர் சுட்டது நாற்பதுதான். வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி வந்து, சுட்டுச் சுட்டு இறுகிப்போன அவற்றின் கழுத்தை நெருப்பில் காட்டி இளக்கி, தண்ணீரில் போட்டு ஆற்றி, மறுபடி பாவிப்பது அவர் வழக்கம். பக்கத்தில் நின்றவனுடையது கலந்திருக்கும் என்று முதலில் நினைத்தார். ஆனால் வெடித்த கோது, தன்னைச் சுட்ட துவக்கின் அளவுக்கே விரிந்து நிற்கும். வேறு துவக்குக்குள் இடக்குப் பண்ணும். இது அவருடைய துவக்குக்குள் சத்தமில்லாமல் போய் இருந்துகொண்டது.

அப்படியென்றால் அவருடைய துவக்கு ஒரு தடவை கூடுதலாகச் சுட்டிருக்கிறது. எதை?

நிலவறையில் இருந்த துவக்குப் பெட்டியின் திறப்பு அவர் கழுத்துச் சங்கிலியில் கிடந்தது. வீட்டில் அவரையும் மனைவி பிரபாலினியையும் தவிர ஆளில்லை. வேறொருவர் கை பட்டது தெரிந்தால் அனுமதிப் பத்திரம் போய்விடும். அது சின்னப் பயம். சூடு விழுந்திருந்தால் எங்கோ ஓர் ஓட்டை இருக்கவேண்டும். சுவர், கதவு, கூரை என்று ஒன்று விடாமல் தடவிப் பார்த்தார். எங்கும் இல்லை.

அடுத்த ஞாயிறும் ஒன்று கூடியது.

"பிரபா, கீழ என்ர பெட்டியை நீர் திறந்தனீரோ?"

அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "எனக்கேன் உந்தச் சனியன்? வெடிச் சத்தத்துக்குப் பயந்துதானே நாட்டை விட்டு இந்த வுப்பர்டாலுக்கு ஓடி வந்தனாங்கள். பிறகு நீங்கள் விரும்பிப் போய்ச் சுடுறியள்."

"அப்ப ஆர்?"

"அதை நான் கேக்கோணும். நீங்கள் வேலைக்குப் போன பிறகும் கீழ தண்ணிக்குள்ள சுர் சுர்ரெண்டு கேக்குது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் என்றுதான் அவருக்குப் பட்டது. அவள் குளிக்கப் போன நேரம் அவளுடைய கோட்டை எடுத்து, வெடிமருந்து மணக்கிறதா என்று முகர்ந்தார். சவர்க்காரம், சீரகம், மழை. முப்பது வருடம் கூட வாழ்ந்தவளை மோப்பம் பிடிப்பது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சட்டைக் கையையும் முகர்ந்தார்.

மூன்றாம் ஞாயிறு, சங்கத்திலேயே இரண்டு தரம் எண்ணினார். நாற்பது. வீட்டுக்கு வந்ததும் துவக்கைப் பின்னால் அடைக்கும் இரும்புத் தண்டைக் கழற்றி, துணியில் சுற்றி அவளிடம் நீட்டினார். அது இல்லாவிட்டால் துவக்கு வெறும் குழாய்.

"திறப்பு என்னட்ட, இது உம்மட்ட. இனி ஒராளை விட்டு ஒராள் சுடேலாது. படி மேல நில்லும்."

நிலவறையில் விளக்கை அணைத்தார். பித்தளை நிறம் மாறுவது இருட்டில்தான் தெரியும். வாயு அடுப்பின் நீலச் சுவாலை இரைய, ஈரச் சுவரும் உடுப்புத் தோய்க்கும் தூளும் மேல்வீட்டு இறைச்சிப் பொரியலும் கலந்த மணத்துக்குள் சூடேறிய பித்தளையின் கசப்பு மெல்ல ஏற, ஒவ்வொரு கழுத்தாக மங்கிச் சிவந்ததும் வாளித் தண்ணீருக்குள் போட்டார். சுர்ர். அடுத்தது. சுர்ர்.

முப்பத்தொன்பது. நாற்பது. தட்டு காலி.

சுவாலையை அணைத்தார்.

சுர்ர்.

அவர் வாளிக்குள் கை விட்டார். குளிர்ந்த தண்ணீர். அடியில் ஒன்று மட்டும் விரலைச் சுட்டது. வெளியே எடுத்தார். புது மருந்துப் புகை மணம்.

"பிரபா!"

"இஞ்சதான் நிக்கிறன்."

படியின் உச்சியில் நின்றாள். துணி அவிழவில்லை, தண்டு கையில் அப்படியே இருந்தது. குசினி வெளிச்சம் முதுகுப் பக்கம். முகம் தெரியவில்லை. ஒரு படி இறங்கினாள்.

"என்னப்பா? ஏன் குனிஞ்சு பாக்கிறியள்?"

அவளுடைய நிழல் அவர்மேல் விழுந்திருந்தது. அந்த நிழலுக்குள், அவர் நெஞ்சில், விரல்நுனி அளவு ஓட்டைகளினூடே விழுந்ததுபோல் மூன்று வெளிச்சப் பொட்டுகள்.

அவள் இறங்க இறங்க அவையும் இறங்கின.