பாறை காயும் வரை

“கையை எடுங்க!”

குரல் முதுகில் வந்து விழுந்த வேகத்தில் அவன் நிஜமாகவே பாறையிலிருந்து கையை எடுத்துவிட்டான். எடுத்த பிறகுதான் ரோஷம் வந்தது. திரும்பினான்...

இடுப்பில் கட்டிய மழைக்கோட்டு, முழங்கால் வரை சேறு, கையில் ஒரு சின்ன மண்கரண்டி. அதற்கெல்லாம் மேலே இரண்டு கண்கள்... மழை ஓய்ந்த வானம் மாதிரி பளிச்சென்று கழுவி விட்ட கண்கள். அவற்றில் இருந்த கோபம்கூட அழகாக இருந்து தொலைத்தது!

“பாறையைத் தொடக்கூட அனுமதி வாங்கணுமா மேடம்?”

“வாசல்ல பலகை தொங்குதே, படிக்கலையா? ‘இன்று ஏறக்கூடாது.’ மாட்டினதே நான்தான்.”

“வானத்தைப் பாருங்க, ஒரு மேகம் இல்ல. காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. பாறை சுக்கா காய்ஞ்சிருக்கு...”

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாறையின் அடியில் விரல் நீளத்துக்குத் தோண்டினாள். ஒரு பிடி மண்ணை அள்ளி அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். சில்லென்றது. மண்ணா, விரலா... எது சில்லென்றது என்று அவனுக்கே தெரியவில்லை.

“அடிமண் ஈரமா இருந்தா பாறைக்குள்ளயும் ஈரம்தான். இது மணற்கல். குடிச்ச தண்ணியை லேசுல விடாது. மேல காய்ஞ்சிருக்கும், உள்ள டீயில நனைச்ச பிஸ்கட். இழுத்தீங்கன்னா நீங்க பிடிச்சு ஏறுற பிடியே கையோட வந்துடும்.”

“மலை ஏறுறவங்க மத்தியில என் பேரு தெரியுமா உங்களுக்கு? பல்லி! பதினாலு வருஷமா ஏறுறேன். ஒரு பிடி உடைஞ்சதில்ல.”

“பல்லிக்கு வால் போனா முளைக்கும். பாறைக்குப் பிடி போனா முளைக்காதுங்க!”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். “என்ன திமிரு!” என்றான் சத்தமாக. இன்னொரு தடவை திரும்பிப் பார்க்க மாட்டாளா என்று மனசு மட்டும் கெஞ்சியது.

அந்த மலையடிவாரத்தில் பாறையேற்றப் பள்ளி நடத்துவது அவளுடைய அண்ணன். பலகையை மாட்டுவதும் எடுப்பதும் இந்தப் பருவத்திலிருந்துதான் அவள் பொறுப்பு. ஒரு வருடம் சண்டை போட்டு வாங்கிய பொறுப்பு அது.

மத்தியானம் பள்ளியின் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். வெயில் கொளுத்துகிறது, உங்கள் தங்கை என்ன விளையாடுகிறாளா என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். அண்ணனுக்கும் பொறுமை போய்விட்டது.

“குட்டி, மழை நின்னு முழுசா ஒரு நாள் ஆச்சு. நாலு மணி வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள இவங்க எல்லாரும் ஒத்துக்குற மாதிரி ஏதாவது காட்டு. இல்லன்னா நானே பலகையை எடுத்துடுவேன். அதுக்கப்புறம் அந்த வேலை உனக்கு வேண்டாம்.”

“எடுத்துக்கோண்ணா. ஆனா என் கையால எடுக்க மாட்டேன்.”

கெத்தாகத்தான் சொன்னாள். சொன்ன கையோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் கலங்குவதை ஒருத்தருக்கும் காட்டக்கூடாதாம்! மூலையில் டீ டம்ளரோடு நின்ற பல்லி ஒருத்தன் மட்டும் பார்த்துவிட்டான். அந்த டீ அவனுக்கு இறங்கவில்லை.

மூன்று மணிக்கு அவன் கிழக்கு விளிம்பு என்ற ஏறுபாதையின் அடிக்குப் போனான். அந்தப் பாதைக்காகவே இரண்டு வருடம் பயிற்சி எடுத்தவன் அவன். மறுநாள் காலையில் ஊருக்குத் திரும்ப பஸ். ஏறுவதாக இல்லை, சத்தியமாக இல்லை. சும்மா முதல் பிடியை மட்டும் ஒரு தடவை... இரண்டு காலும் தரையில்தானே இருக்கிறது? இழுத்தான்.

டப்!

பன் அளவு கல் கையோடு வந்துவிட்டது. உடைந்த பக்கம் கறுத்து, ஈரமாக இருந்தது. அந்தப் பிடி இல்லாமல் இரண்டாவது பிடிக்கு எந்தக் கையும் எட்டாது. கிழக்கு விளிம்பு போயே போச்சு... அவனுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்.

சுற்றிலும் ஒரு ஈ காக்காய் இல்லை. கல்லைப் புதரில் வீசினால் கதை முடிந்தது. ஆனால் பிடியை உடைத்தவன் பள்ளியின் பதிவேட்டில் தன் கையாலேயே எழுத வேண்டும் என்பது ஏறுகிறவர்களுக்குள் கட்டுப்பாடு. பதினாலு வருடத்துப் பேரு... ஒரே வரியில் போய்விடும்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம். அண்ணன் பலகையை எடுக்க எழுந்துவிட்டான். மேஜை மேல் ‘தொப்’பென்று ஒரு கல் விழுந்தது.

“உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்க,” என்றான் பல்லி. “கிழக்கு விளிம்போட முதல் பிடி. உடைச்சது நான்.”

கல் கை மாறிக் கை மாறிப் போனது. தொட்டவர்கள் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். அவன் பதிவேட்டை இழுத்து, எல்லோர் முன்னாலும் எழுதினான். ‘பாறை ஈரமாக இருக்கிறது என்று சொன்னார்கள். நான் கேட்கவில்லை. பல்லி.’

அண்ணன் தங்கையைப் பார்த்தான். “தப்பு என் மேலதான் குட்டி. பலகை உன்னோடது. இனி நான் தொட மாட்டேன்.”

அவள் தலை நிமிர்ந்தது. அப்பா, என்ன ஒரு நிமிர்வு!

வெளியே படியில் உட்கார்ந்திருந்தவனிடம் வந்து நின்றாள். “யாரும் பாக்கலையே... மறைச்சிருக்கலாமே?”

“மறைச்சிருந்தா நாலு மணிக்கு உங்க பலகை போயிருக்கும். நீங்க ஜன்னல் பக்கம் திரும்பி நின்னதைப் பாத்தேன். அதை இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பு இல்ல.”

அவள் கைச்சேற்றைத் துடைத்துக்கொண்டே, “பாறை காய இன்னும் ரெண்டு நாள் ஆகும்,” என்றாள்.

“தெரியும். டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேன்.”

“உங்க பாதைதான் போயிடுச்சே... அப்புறம் எதுக்காக இருக்கப் போறீங்க?”

“உங்களுக்காக.” பதினாலு வருடம் செங்குத்துப் பாறையில் நடுங்காத குரல் நடுங்கியது. “உங்களைப் பிடிச்சிருக்கு. போகச் சொன்னா நாளைக்கு நடந்தாவது போயிடுறேன்...”

அவள் சேற்றுக் காலோடு அதே படியில், அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மத்தியானம் நீங்க டீயைக் குடிக்காம நின்னதை ஜன்னல் கண்ணாடியில பாத்தேன்... இந்த ஒருத்தருக்காகப் பலகையை எடுத்துடலாமான்னு ஒரு நிமிஷம் நினைச்சேன்.”

“அப்புறம்?”

“எடுக்கல. உங்களுக்காகக்கூட எடுக்க மாட்டேன்...” கண் கலங்கியது. இந்தத் தடவை அவள் திரும்பிக்கொள்ளவில்லை. “ஆனா என்னை அப்படி நினைக்க வச்ச ஒரே ஆளு நீங்கதான்.”