பின்னால் பிடிக்கும் லென்ஸ்

முதல் படத்தில் மகள் மங்கலாகவும் சுவர் தெளிவாகவும் விழுந்திருந்தார்கள். சுவரையும் மரியாதையாகச் சொல்லத் தோன்றும் அளவுக்குத் தெளிவு. அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்கு ஆறடி பின்னால் இருந்த அந்த வெள்ளைச் சுவரில் பெயிண்ட்காரர் உருளையை இழுத்து நிறுத்திய தடம், அதில் ஒட்டிக் காய்ந்துபோன ஒரு தூசி, அந்தத் தூசியின் நிழல், எல்லாம் கையால் தொட்டுப் பார்க்கலாம் போல இருந்தன. மகளின் முகமோ பாலில் நனைந்த பிஸ்கட் மாதிரி கரைந்து கிடந்தது.

பல் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஃபோகஸ் புள்ளியை அவளுடைய இடது கண்ணின் மேல்தான் வைத்திருந்தார். அதில் சந்தேகமே இல்லை. நாள் முழுக்க ஊரார் கடைவாய்ப் பல்லுக்குள் ஊசிமுனையால் நரம்பு தேடுகிறவருக்கு, சொந்த மகளின் கண் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகுமா?

இரண்டு வருடமாக டாக்டருக்குப் புகைப்படப் பித்து. புகைப்படம் எடுக்கும் பித்து என்று யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது. புகைப்படக் கருவிகள் வாங்கும் பித்து. சமையலுக்கும் பாத்திரக் கடைக்கும் உள்ள தூரம் இரண்டுக்கும் நடுவே உண்டு. இந்தப் பித்தை அவருக்கு ஏற்றிவிட்டவன் மனைவியின் தம்பி. படத்தில் பின்னணி குழைந்து மங்கித் தெரிவதற்கு 'பொக்கே' என்று பெயராம். அதைப் பற்றி ஓயாமல் பேசிப் பேசியே குடும்பத்தில் அவன் பெயரே பொக்கே ஆகிவிட்டது. பொக்கேயிடம் அலமாரி நிறைய லென்ஸ் இருந்தன. அவன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஒரே படம் மொபைலில் எடுத்தது.

இந்த லென்ஸைப் பிடித்துக் கொடுத்தவனும் அவன்தான். பழசு. முகங்களுக்கென்றே செய்தது. விற்க வந்தவர் பையை வாசலிலேயே நீட்டி, "கொஞ்சம் பின்னாடி பிடிக்கும் சார். மத்தபடி தங்கம்" என்றார். உள்ளே வந்து காபி சாப்பிடச் சொன்னதற்கு, வேண்டாம் என்று சொல்லக்கூட நிற்கவில்லை.

டாக்டர் பொக்கேவுக்குப் போன் போட்டார்.

"பின்னாடி பிடிக்குதா? அதெல்லாம் சப்பை மேட்டர் மாமா. காலிப்ரேஷன் பண்ணிடலாம். கேமரா மெனுல அதுக்குன்னே ஒரு அட்ஜஸ்ட்மென்ட் இருக்கு. மைனஸ்ல போனா ஃபோகஸ் முன்னாடி வரும், பிளஸ்ல போனா பின்னாடி போகும். ஒவ்வொரு படமா எடுத்துப் பார்த்து மாத்திக்கிட்டே வாங்க."

"அதுக்குக் கோடு போட்ட அட்டை ஏதோ வேணும்னாங்களே?"

"அட்டையெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு மாமா. உங்க லெவலுக்கு நிஜ மூஞ்சிய வச்சுப் பண்ணுங்க. கண்ணிமை முடிய எண்ணணும், அப்படி வரணும். படத்த முழுசாப் பார்க்காதீங்க, கவனம் சிதறும். கண்ண மட்டும் பெருசு பண்ணிப் பாருங்க."

உங்க லெவல் என்ற சொல்லில் டாக்டர் ஒரு சுற்றுப் பெருத்தார்.

மனைவி வெளியே போகும்போதே சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். "பாப்பாவுக்கு ஹோம்வொர்க் இருக்கு. அவள உட்கார வச்சு உங்க பொம்மைய டெஸ்ட் பண்ணாதீங்க." ஆகவே மனைவி தெரு முனை திரும்பியதும் ஸ்டூல் ஹாலின் நடுவுக்கு வந்தது. வெளிச்சம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று ஜன்னலைச் சாத்தி, திரைகளை இழுத்துவிட்டு, ஒரே ஒரு மேசை விளக்கை மட்டும் மகளின் பக்கவாட்டில் வைத்தார். மத்தியானம்தான். மழை பிடித்துக்கொண்டதால் வீட்டுக்குள் பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. ஸ்டூலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டு நாற்காலி, அதன் முதுகில் காயப் போட்ட ஒரு துண்டு. மற்றபடி வெறும் தரை, அதன் மேல் வெறும் இருட்டு.

மெனுவுக்குள் போய் மைனஸ் ஐந்து வைத்தார். லென்ஸுக்குள் மோட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டு சுழன்றது. பீப். க்ளிக்.

இரண்டாவது படத்தில் சுவர் கரைந்துவிட்டது. நாற்காலியின் மேல் கிடந்த துண்டு பளிச்சென்று வந்தது. ஒவ்வொரு நூலும் தனித்தனியாக எழுந்து நின்றது. சரிபாதி தூரம் முன்னால் வந்தாகிவிட்டது!

"வருது பாப்பா, வருது!"

"என்னப்பா வருது?"

"ஃபோகஸ். நீ அசையாத. ரெண்டே நிமிஷம்."

டாக்டரின் 'ரெண்டே நிமிஷம்' எவ்வளவு நீளம் என்பது அவருடைய நாற்காலியில் வாய் பிளந்து கிடந்தவர்களுக்குத் தெரியும். எட்டு வயதுப் பெண்ணுக்கும் தெரியும். அவள் முன்பல் விழுந்த இடத்தை நாக்கால் தடவிக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

படத்தில் அந்தத் துண்டின் ஒரு முனை மட்டும் தொங்காமல் பக்கவாட்டில் விலகி நின்றது, நெருக்கமான இடத்தில் யாரோ ஒருக்களித்துத் தாண்டும்போது இடுப்பில் உரசி விலகுமே, அப்படி. மழைக்காற்று என்று டாக்டர் வைத்துக்கொண்டார். ஜன்னலைச் சாத்தியதே தான்தான் என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

மைனஸ் பத்து. செருமல். பீப். க்ளிக்.

மூன்றாவது படத்தில் துண்டும் மங்கல், மகளும் மங்கல். இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில் கூர்மை விழுந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் மிதந்த தூசிகள் மட்டும் அங்கே ஊசி ஊசியாகத் தெரிந்தன. ஆற்று நீர் தூணைச் சுற்றிக்கொண்டு போவது போல அந்தத் தூசிகள் எதையோ சுற்றிக்கொண்டு போயின. நடுவில் ஒரு தூசிகூட இல்லை. அந்த வெற்றிடம் மேலே குறுகி, கொஞ்சம் கீழே அகன்று, தரை வரைக்கும் நின்றது.

கேமராவுக்குள் இருக்கும் சென்சாரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று டாக்டர் மனதில் குறித்துக்கொண்டார். ஆனால் கழுத்துக்குப் பின்னால் ரோமம் ஏன் சிலிர்த்தது என்று அவருக்கு விளங்கவில்லை. ஹாலில் ஒரு வாடை எழுந்திருந்தது. வருடக்கணக்கில் திறக்காத பெட்டியைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிக்கும் வாடை. லென்ஸை முகர்ந்து பார்த்தார். லென்ஸில் வாடை இல்லை.

"அப்பா, முதுகு ஜில்லுங்குது."

"மழை பாப்பா. அசையாத."

"நான் எங்கப்பா அசைஞ்சேன்?"

அவள் அசையவில்லைதான். குரலில்கூட அசைவில்லை. சிணுங்கலும் நெளியலும் இல்லாமல் அவள் இவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்ததே கிடையாது. நல்ல பிள்ளை, என்று நினைக்க முயன்றார். நினைப்பு பாதியில் நின்றது. எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு இதோடு முடித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கையில் வந்த வெற்றியை யார் விடுவார்கள்? ஆறடியில் நாலரை அடியைக் கடந்தாகிவிட்டது.

மைனஸ் பதினான்கு.

இந்தத் தடவை மோட்டார் உடனே நிற்கவில்லை. முன்னும் பின்னும் தேடிற்று. பிறகு மெல்ல, மிக மெல்ல, எதையோ பின்தொடர்வது போல நகர்ந்து வந்து நின்றது. பீப்.

மகளின் பின்னல். ரப்பர் பேண்டுக்குக் கீழே தொங்கும் நுனி மயிர் அத்தனையும் கூர்மை. அதில் ஒரே ஒரு முடி மட்டும் தொங்கவில்லை. நேர்கோடாக, விறைப்பாக, பின்னால் நீண்டிருந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து இழுத்துப் பார்க்கிற மாதிரி.

மைனஸ் பதினேழு. பீப். காது. காதுமடலில் பூனைமயிர். அவையெல்லாம் ஒரு பக்கமாகப் படுத்திருந்தன. யாரோ பக்கத்தில் மூச்சு விட்டால் படுக்கும் விதத்தில்.

டாக்டர் காதைத் தீட்டிக்கொண்டார். குளிர் பதனப்பெட்டியின் ரீங்காரம், மழை, தன் மூச்சு. தன் மூச்சுதானா? மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மழையும் ரீங்காரமும் மட்டும் கேட்டன.

மைனஸ் பதினெட்டு. பீப். க்ளிக்.

கண்.

பெரிதாக்கினார். மேல் இமையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நின்றது. எண்ணலாம். எத்தனையோ பேர் காசைக் கொட்டியும் கிடைக்காத கூர்மை. பயமெல்லாம் எங்கே போனதோ, டாக்டர் அப்போதே பொக்கேயை அழைத்தார். பெருமையடிக்க ஆள் வேண்டுமே.

"முடிச்சாச்சு மாப்ள! இமைமுடிய எண்ணலாம்."

"சூப்பர் மாமா! எவ்வளவு பின்னாடி பிடிச்சிட்டிருந்துச்சு?"

"ஆறடி."

"ஆறு இன்ச்சா?"

"அடிடா. சுவத்தப் பிடிச்சிட்டிருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி கொண்டு வந்தேன்."

பொக்கே எந்தக் கேள்விக்கும் யோசித்துப் பதில் சொன்னவனில்லை. இப்போது யோசித்தான்.

"மாமா, அந்த அட்ஜஸ்ட்மென்ட் மிஞ்சிப் போனா ஒரு விரக்கடை நகர்த்தும். ரெண்டு விரக்கடைன்னே வச்சுக்குங்க. ஆறடியெல்லாம்... அது முடியாது மாமா."

"நகர்ந்துச்சேடா. என் கண்ணால பார்த்தேன்."

"அந்த மெனுல மேல ஆன், ஆஃப்னு ஒண்ணு இருக்கும். ஆன் பண்ணீங்கதானே?"

டாக்டர் பார்த்தார்.

"ஆஃப்ல இருக்கு."

"ஆஃப்ல இருந்தா நீங்க போட்ட நம்பர கேமரா கண்டுக்கவே கண்டுக்காது மாமா. நீங்க ஒண்ணுமே மாத்தல." பொக்கேயின் குரல் தாழ்ந்தது. "பாப்பாவையா உட்கார வச்சிருக்கீங்க?"

போனை டாக்டர் கீழே வைத்தார். துண்டித்தாரா என்று தெரியவில்லை.

ஒன்றுமே மாற்றவில்லை. எல்லாப் படமும் ஒரே லென்ஸ், ஒரே அளவு, ஒரே இடம். ஸ்டூலும் நகரவில்லை, டிரைபாடில் நின்ற கேமராவும் நகரவில்லை, மகளும் நகரவில்லை. லென்ஸ் அவள் கண்ணை ஒரு தடவைகூடத் தேடவில்லை. அது வேறொன்றைப் பிடித்தது. பிடித்த இடத்தில் பிசகாமல் பிடித்தது.

சுவர். நாற்காலி. வெறும் காற்று. முடி. காது.

கண்.

பெரிதாக்கிய படத்தைச் சுருக்கினார். இந்த மத்தியானத்தில் முதன்முறையாகப் படத்தை முழுசாகப் பார்த்தார். கண் கூர்மை. கன்னம் கூர்மை. கீழே இறங்கினார். மகளின் வலது தோளில் மஞ்சள் சட்டை, தையல் தையலாகக் கூர்மை. அந்தத் துணியில் நான்கு பள்ளங்கள். பக்கத்தில் பக்கத்தில். பின்னாலிருந்து தோளைத் தாண்டி வந்து அழுத்தினால் விழும் நான்கு பள்ளங்கள். நீளமாக இருந்தன. மார்பெலும்பு வரைக்கும் நீளமாக.

தலையைத் தூக்கினார்.

விளக்கடியில் மகள். நேராகப் பார்த்துக்கொண்டு.

"பாப்பா. எழுந்து வா."

"அசையாதன்னு சொன்னீங்க."

"இப்ப சொல்றேன். வாடா செல்லம். அப்பாகிட்ட வா."

அவள் உதடு மட்டும் பிரிந்தது. "முடியலப்பா."

எப்படிப் பாய்ந்தார் என்று தெரியாது. விளக்கு கவிழ்ந்தது. இருட்டு. கைக்கு மகள் அகப்பட்டாள். தூக்கினார். தினமும் தூக்குகிற பிள்ளைதான். முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவதில் வந்தாள். கனத்தாள். கதவு. படி. படி. செருப்பில்லாத கால். மழை.

எதிரே மருந்துக் கடை. வெள்ளை வெளிச்சம், இருமல் மருந்து விளம்பரம், மழைக்கு ஒதுங்கி நிற்கும் நாலு பேர். உலகம் அதன் வழக்கமான அசட்டுத்தனத்தோடு அங்கே நடந்துகொண்டிருந்தது. டாக்டர் மகளைக் கடை முகப்பில் இருந்த கண்ணாடி மேடை மேல் உட்கார வைத்தார்.

"என்ன டாக்டர், யாராவது பேஷண்ட் துரத்துறாங்களா?" என்றார் மருந்துக் கடைக்காரர்.

ஒதுங்கி நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டருக்கும் சிரிப்பு வந்தது. நிற்காமல் வந்தது. கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். மகளைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு பழைய லென்ஸ், சாத்திய ஜன்னல், உளறுகிற மச்சினன். இதற்குப் போய்.

"பயந்துட்டியா பாப்பா?"

அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. ஒட்டிய துணியில் மேடு பள்ளம் இருக்கத்தான் செய்யும். நான்கு பள்ளங்கள் இருந்தால் என்ன? டாக்டர் அதைத் தடவிச் சரிசெய்யக் கையைக் கொண்டுபோனார். கொண்டுபோன கை அந்தரத்தில் நின்றது.

கடைக்காரரின் கைகள் மேடையின் அந்தப் பக்கம், மாத்திரை அட்டையை எண்ணிக்கொண்டு. ஒதுங்கி நின்றவர்கள் எட்டாத தூரத்தில். தன் கைகள் இதோ, முகத்துக்கு முன்னால். பிள்ளையை யாரும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை.

பள்ளங்கள் அப்படியே இருந்தன. குழல் விளக்கின் வெளிச்சத்தில் நனைந்த துணியின் ஒவ்வொரு நூலும் தெரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தோளின் பின்பக்கம், கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில், துணி மெல்ல உள்ளே இறங்கியது.